பத்துப் பேர் சாகும்வரை காத்திருக்கணுமா? விபத்து ஆய்வு போகும் திசை

சாமளாபுரத்தில் இரவு எட்டரை மணிக்குச் சாலையோரம் நின்று பாருங்கள். பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து மங்கலம் பக்கமிருந்து வரிசையாக பைக்குகள் வரும். காடா துணி மூட்டையை முன்னும் பின்னும் அடுக்கிய டிவிஎஸ் எக்ஸ்எல், ஆள் இறக்கிவிட வரும் கம்பெனி வேன், சோமனூர் போகும் பஸ் எல்லாம் அதே குறுகிய ரோட்டில்தான். மூட்டையின் ஓரம் பக்கத்து பைக் ஹேண்டில்பாரில் இடித்து ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் ஓடிவந்து தூக்குவார்கள். "பாத்துப் போகக்கூடாதுங்களா?" என்று ஒரு சத்தம் வரும். தையல் போட ஐநூறு ரூபாய் கைமாறும். "செரி விடுங்க" என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆய்வாளரின் கணக்கில் இந்த விபத்து நடக்கவே இல்லை. எங்கேயும் பதிவாகவில்லையே!

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு உத்தரப்பிரதேசத்தில் 41,746 விபத்துகளில் 22,595 பேர் இறந்தார்கள். இதைப் பார்த்ததும் நம்மூரில்தான் மோசமாக ஓட்டுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விபத்து குறைவு, சாவு அதிகம் என்றால் அங்கே சின்ன விபத்துகள் பல ஏட்டில் ஏறாமல் போயிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு விபத்துப் புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது இதில் எது விடுபட்டிருக்கும் என்று முதலில் கேட்டுப் பழகுங்கள்.

விடுபட்டால் என்ன நஷ்டம்? தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளப் பகுதியில் மூன்று ஆண்டுகளுக்குள் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது 'கரும்புள்ளி' என்று குறிக்கப்பட்டு, சரிசெய்யும் பட்டியலில் ஏறும். விதிக்கு ஓர் அளவுகோல் வேண்டும்தான். ஆனால் அந்த ஐந்தோ பத்தோ சேரும்வரை நாம் என்ன செய்வது? இன்றைய விபத்து ஆய்வு விடை தேடுவது இந்தக் கேள்விக்குத்தான்.

நம் பக்கத்து அவினாசியையே எடுத்துக்கொள்வோம். 2020 பிப்ரவரி 20, அதிகாலை நேரம். பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தின் மீது, டைல்ஸ் ஏற்றி எதிர்த்திசையில் வந்த கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்ததாக முதலில் பேச்சு. ஓட்டுநர் கண் அயர்ந்ததே காரணம் என்று பின்னர் விசாரணையில் சொல்லப்பட்டது.

தூங்கினார், மோதினார் என்று நாம் அங்கேயே கதையை முடித்துவிடுவோம். 1960களில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தலைமை ஏற்ற வில்லியம் ஹேடன் என்ற மருத்துவர் வேறு வழி காட்டினார். மோதலுக்கு முன், மோதும் நொடி, மோதிய பின் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனிதர், வண்டி, சாலை மூன்றையும் தனித்தனியாகக் கேள்வி கேட்கச் சொன்னார். அவினாசி விபத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக ஸ்டியரிங் பிடித்திருந்தார்? கண் சொருகினால் எச்சரிக்கும் கருவி வண்டியில் இருந்ததா? பாரம் ஏற்றிய லாரியைத் தடுத்து நிறுத்தும் வலு நடுத்தடுப்புக்கு இருந்ததா? ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது? தூக்கத்தை முழுசா ஒழிக்க முடியாது. தடுப்பை வலுவாகக் கட்ட முடியும்.

இப்படி நேரில் போய் அளந்து பார்க்கும் வேலையும் நம் பகுதியிலேயே நடக்கிறது. கோயம்புத்தூரில் இயங்கும் ஜேபி ரிசர்ச் இந்தியா நிறுவனமும் வாகன நிறுவனங்களும் சேர்ந்து 2011 முதல் 'ராஸி' என்ற விபத்துத் தரவுத்தொகுப்பை உருவாக்கிவருகின்றன. டயர் தேய்ந்த தடம் எத்தனை மீட்டர், வண்டி எவ்வளவு ஆழம் நசுங்கியது, எந்தப் பாகம் இடித்து எந்த எலும்பு முறிந்தது என்று ஒவ்வொரு விபத்தையும் அக்கக்காகக் குறிக்கிறார்கள். இதில் யார் மேல் தப்பு என்பது கேள்வியே இல்லை. எது மாறியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பதுதான் கேள்வி.

அரசுத் தரப்பில் ஐராட் செயலி வந்திருக்கிறது. சென்னை ஐஐடியும் தேசிய தகவலியல் மையமும் உருவாக்கிய இது, 2021இல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவலர் சம்பவ இடத்தில் நின்று படம், இருப்பிடத்தோடு பதிவு செய்வார். பிறகு போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரத் துறைகள் தங்கள் பங்கைச் சேர்க்கும். முன்பு எஃப்ஐஆரில் "புளியமரம் அருகே" என்று இருந்த இடம் இப்போது வரைபடத்தில் ஒரு புள்ளி.

அடுத்த கட்டம், மோதாமல் தப்பிய நொடிகளை எண்ணுவது. நாக்பூரில் 2021இல் தொடங்கிய ஐராஸ்டே திட்டத்தில் நகரப் பேருந்துகளில் கேமரா பொருத்தினார்கள். ஓட்டுநருக்கு எச்சரிக்கை ஒலி அடிக்கடி வந்த இடங்களை 'சாம்பல் புள்ளி' என்று குறித்தார்கள். கரும்புள்ளி ஆகும் முன்பே அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சி இது. கம்பெனி வேன்கள் இத்தனை ஓடும் திருப்பூர்ப் பகுதிக்கு இது அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஒரு பெரிய ஓட்டை மட்டும் இன்னும் அடைபடவில்லை. 2022இல் நாட்டில் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஆனால் 2023இல் வந்த பாரத் என்கேப் ஸ்டார் மதிப்பீடு கார்களுக்குத்தான். சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து போகும் நம்ம அக்காவின் உருவத்தில் எந்தச் சோதனைப் பொம்மையும் அதில் உட்காரவில்லை. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் போட்டவர்கள் இன்றே மாட்டிவிடுங்கள். ஹெல்மெட்டுக்கு ஆய்வு ஆதாரம் ஏற்கெனவே வலுவாக இருக்கிறது: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகின்றன. பின்னால் உட்காருபவருக்கும் அதே தலைதான்.

உங்கள் கையிலுள்ள போனுக்கு வருவோம். விபத்தைப் பார்த்தால் முதலில் 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணும் உண்டு. உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. எனவே "செலவுக்கு எங்கே போவோம், பேசி முடிச்சுக்கலாம்" என்று அவசரப்பட வேண்டாம். காயம் பட்டிருந்தால் காவல் நிலையத்தில் பதிவு செய்யுங்கள். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி முதல் அறிக்கை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கை 90 நாளிலும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நகலைக் கேட்டு வாங்கி, இடம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மங்கலம் ரோட்டில் நடந்தது சோமனூர் ரோட்டில் ஏறியிருந்தால், வேகத்தடையும் அங்கேதான் போய் விழும்.