பெரணி பார்க்கப் பழகும் பிள்ளைகளுக்கு

பெரணியில் ஆசை வந்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்தக் கடையில் வாங்கலாம், தாத்தா?” என்பதுதான். வாங்குவது கடைசி வேலை. நான் பத்து காஜா பக்கம் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். லயத்து வாசலில் அம்மா உரிமட்டையில் கட்டித் தொங்கவிட்ட பெரணி ஒன்றுக்குக்கூடக் காசு கொடுத்ததில்லை. காற்றில் விழுந்த கிளையோடு கிடந்ததை எடுத்து வந்து பிழைக்க வைத்தவை அவை. ஆண்டு முழுக்க மழை பெய்கிற பேராவில் கண்ணைப் பழக்கினால் போதும், செடி தானாக எதிரே வந்து நிற்கும். அதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. செம்பனையில் தொடங்குங்கள். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டதில் நம்மில் பலருக்கு மனவருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பெரணிக்கு அது நல்ல இடம். மட்டையை வெட்டிய பிறகும் அதன் அடிக்கட்டை மரத்தோடு நிற்கும். அந்த இடுக்கில் சருகும் தூசியும் மழைநீரும் தங்கும். ஒரே மரத்தில் நாலைந்து வகையைப் பார்த்துவிடலாம்: நீளமாகத் தொங்கும் நெஃப்ரோலெபிஸ், நுணுக்கமாகப் பிளந்த இலையுடைய டவாலியா, கிண்ணமாக விரிந்து சருகை ஏந்திக்கொள்ளும் பறவைக்கூட்டுப் பெரணி. தோட்டத்து ஆள் யாரிடமாவது சொல்லிவிட்டு உள்ளே போங்கள். காலையில் போனால் பாம்பைக் கவனித்து நடக்க வெளிச்சம் இருக்கும்.

கிழட்டுப் பால்மரம் எங்காவது மிஞ்சியிருந்தால் தண்டைக் கூர்ந்து பாருங்கள். காசளவு வட்டமான, தடித்த இலைகள் பட்டையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். அதே கொடியில் ஒல்லியாக நீண்ட இலைகளும் இருக்கும். வேறு செடி என்று நினைத்துவிடாதீர்கள். வட்ட இலை உணவு தயாரிக்க, நீண்ட இலை வித்து தாங்க. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் அதன் கிளைகளையும் அண்ணாந்து பாருங்கள்.

2. இலையைத் திருப்பாமல் பெரணி பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். பூவும் விதையும் இல்லாத செடி இது. அதன் கதையெல்லாம் இலையின் அடியில் இருக்கிறது. அங்கே பழுப்பாகத் தெரிவது வித்துக்கூட்டம். பூச்சி முட்டை என்று பயந்து மருந்தடிப்பவர்கள் உண்டு; நல்ல செடிகள் அப்படி வீணாகின்றன. ஒழுங்காக, ஒரே இடைவெளியில் இருந்தால் அது வித்து. தாறுமாறாக, நகத்தால் சுரண்டினால் பிசுபிசுப்பாக வந்தால் அது பூச்சி.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நெஃப்ரோலெபிசுக்கு ஓரத்தை ஒட்டி வரிசையாகப் புள்ளிகள். பறவைக்கூட்டுப் பெரணிக்கு நடுநரம்பிலிருந்து சாய்ந்து ஓடும் கோடுகள். டவாலியாவுக்கு இலை ஓரத்தில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். மான்கொம்புப் பெரணிக்கு, நம் பக்கத்து வகையில், வித்து தாங்கவென்றே தனியாக ஒரு மடல். இலையின் வடிவம் வெயிலுக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும், இந்த அடிப்பக்கம் மாறாது. உதிர்ந்த வித்து ஈரமான செங்கல்லில் விழுந்தால் முதலில் பெரணியாக முளைக்காது. நகத்தளவுகூட இல்லாத பச்சை இதய வடிவமாகப் படரும். அதன் மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் ஆணணு நீந்திப்போய்ப் பெண்ணணுவைச் சேரும். அதன் பிறகுதான் சுருண்ட தளிர் எழும்பும். கிணற்றடியிலும் குளியலறைச் சுவரிலும் இதைப் பார்க்கலாம். தேய்த்துக் கழுவுவதற்குமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

3. நீலப் பெரணியைத் தேடிப்போகும்போது வெயிலை நம்பாதீர்கள். கோப்பெங் பக்கத்துக் காட்டோர நிழலில் மயில்கழுத்து நிறத்தில் மினுங்கும் செடி செலஜினெல்லா. கறாராகச் சொன்னால் அது பெரணி இல்லை, பெரணிக்கும் முந்திய ஒரு பரம்பரை. அந்த நீலத்துக்குச் சாயம் எதுவும் இல்லை. இலையின் மேற்பரப்பில் உள்ள மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாகும் நிறம் அது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் லீயும் லோரியும் 1975இல் இதை எழுதினார்கள். இலையை நனைத்தால் நீலம் போய்ப் பச்சையாகும், காய்ந்தால் திரும்பி வரும். நல்ல வெயிலில் வளர்த்தால் நீலமே இருக்காது. ஆகவே வீட்டு முற்றத்துக்கு அதைக் கொண்டுவர நினைக்காதீர்கள்.

4. சுண்ணாம்புக் குன்றுகளை மறக்காதீர்கள். தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிற நாம், பாறையைப் பார்ப்பது அரிது. கூட்டமில்லாத நாளில் போங்கள். நீர் கசியும் இடத்தில் மெல்லிய கறுப்புக் காம்பும் விசிறி இலையுமாக அடியாண்டம் இருக்கும். தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டு ஓடும். பாதையிலேயே நின்று பாருங்கள், பாறையில் ஏறாதீர்கள். 1973இல் அதே குன்றின் அடிவாரத்து வீடுகள்மேல் பாறை சரிந்து 40 பேர் இறந்துபோனார்கள்.

கிந்தா பள்ளத்தாக்கின் குன்றுகள் ஒவ்வொன்றும் தனித்தீவு. ஒன்றில் உள்ள செடி அடுத்ததில் இல்லாமல் போகலாம். சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்துக்கு 2014இல் கந்தான் மலையின் பெயரை வைத்தார்கள். அந்த ஒரு குன்றில்தான் அதைக் கண்டிருந்தார்கள். சிமெண்டுக்காகக் குன்றை உடைக்கும்போது போவது வெறும் கல் அல்ல. இதைப் பிள்ளைகள் நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும்.

5. பிடுங்கிய செடியை வாங்காதீர்கள். பசார் மாலாமில் மான்கொம்பு மலிவாகக் கிடைத்தால் அதன் அடியைப் பாருங்கள். மரப்பட்டை துண்டாக ஒட்டியிருந்து, வேர் அறுந்து, கவச இலை கிழிந்திருந்தால் அது காட்டிலிருந்து உரித்தது. நிலையான வனக் காப்பகத்திலிருந்து உரிமம் இல்லாமல் செடி எடுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். மரப்பெரணித் தண்டை அறுத்து ஓர்க்கிட் கட்ட விற்கும் பலகையையும் தவிர்த்துவிடுங்கள். நமக்குத் தேங்காய் உரிமட்டைக்கா பஞ்சம்?

வளர்த்ததை வாங்கினால், மண்ணில் புதைக்காதீர்கள், உரிமட்டையில் கட்டுங்கள். காலை வெயில் போதும். மான்கொம்பின் அடியில் பழுப்பேறிய கவச இலையை ‘காய்ந்துவிட்டது’ என்று உரிக்கவே கூடாது. ஈரத்தையும் சருகையும் பிடித்து வைப்பது அதுதான். தொட்டிக்கடியில் தட்டு வைத்தால் தண்ணீரை நிற்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசு வந்துவிடும்.

6. சமையலுக்குப் பறிக்கும் முன் நிலத்தின் வரலாற்றைக் கேளுங்கள். புச்சோக் பாக்கு என்ற பெரணித் தளிர் நல்ல கீரை. நன்றாக வேகவைத்து உண்ணலாம். ஆனால் பழைய ஈய லம்பத்து மண்ணில் ஆர்செனிக் இருக்கக்கூடும். சுவர் இடுக்கிலும் சுண்ணாம்பிலும் முளைக்கும் டெரிஸ் என்ற பெரணி வகை ஒன்று, மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது; புளோரிடாவில் கண்டறிந்து 2001இல் வெளியிட்டார்கள். எல்லாப் பெரணியும் அப்படி அல்ல. ஆனாலும் லம்பத்துக் கரையில் எதையும் பறிக்க வேண்டாம்.

7. பெயரைப் படிக்கப் பழகுங்கள். ஸ்கோர்தெக்கினி என்ற இத்தாலியப் பாதிரியார் 1880களில் பேராவில் அலைந்து செடி சேகரித்தார், 1886இல் இறந்தார். பல செடிகளின் பெயரில் இன்னும் இருக்கிறார். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம், இந்தியா, இலங்கை, மலாய்த் தீபகற்பம் மூன்றின் பெரணிகளுக்கும் சேர்த்து 1883இல் ஒரே கையேடு எழுதினார். காரணம் உண்டு, பல பெரணிகள் இரு கரைக்கும் பொது. கொல்லிமலையில் சூப் வைக்கிற முடவாட்டுக்கால் கிழங்கு ஒரு பெரணியின் தண்டு. அதே பெரணி நம் ஊர்ப் பெருமரங்களிலும் பழுப்பு இலைக்கூட்டோடு தொற்றி நிற்கிறது. தாத்தா பாட்டி கப்பலேறுமுன் பார்த்த செடி அது. எனக்கு அதைப் பார்த்தால் இன்னும் நெஞ்சு நிறையும்.

8. மேலே போகும்போது செடி மாறுவதைக் கவனியுங்கள். தைப்பிங் ஏரிப் பூங்காவின் மழைமரங்களில் ஒரு கூட்டம்; புக்கிட் லாருட்டில் ஏற ஏற மரப்பெரணி, பிறகு இரு பாதியாகப் பிளந்த பெரிய இலையுடைய டிப்டெரிஸ். டைனோசர் காலத்துப் பாறைகளில் அதன் குடும்பத்து இலைகள் பதிந்திருக்கின்றன. பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

9. கோப்பெங்கின் உலு கெரோவில் ரஃப்ளீசியா பார்க்கப் போகிறவர்கள் செமாய் மக்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு உரிய கூலியைக் கொடுங்கள். அந்தப் பூ தனக்கென இலையோ தண்டோ இல்லாமல், நம் பிரண்டைக்கு உறவான ஒரு காட்டுக்கொடியின் உள்ளே வாழ்கிறது. மொட்டு முதிர மாதக்கணக்காகும், விரிந்தால் ஒரு வாரம் போல்தான். அதனால் புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொட்டு மட்டும் இருந்தாலும் போங்கள். வழியோரத்து ஈரப் பாறைகளில் பார்க்க நிறைய இருக்கும். கொடியை மிதிக்காமல் வழிகாட்டியின் அடிச்சுவட்டிலேயே நடங்கள்.