சாவிக் கீரை யாருக்குக் கசக்கும்?

ஒரே தட்டிலுள்ள சாவிக் கீரையை அக்கா விரும்பி உண்கிறார். தம்பி முகம் சுளிக்கிறான். இது வெறும் பிடிவாதமா? இல்லை, மாணவர்களே.

1931இல் ஆய்வுக்கூடத்தில் ‘பிடிசி’ என்ற பொடி காற்றில் பறந்தது. அது சக ஆய்வாளருக்குக் கசந்தது. அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்சுக்கோ சுவையே தெரியவில்லை. நாவின் கசப்பு உணர்வியை உருவாக்கும் ஒரு மரபணுவே இதற்கு முக்கியக் காரணம் என 2003இல் தெரியவந்தது. முட்டைக்கோஸ், கைலான், சாவிக் கீரை ஆகியவற்றிலுள்ள குளுக்கோசினோலேட் சேர்மங்களும் அதே உணர்வியைத் தூண்டுகின்றன. அதனால் சிலருக்கு அவை கூடுதலாகக் கசக்கும்.

மரபணுவை மாற்ற இயலாது, விருப்பத்தை மாற்றலாம். சிறிதளவாகப் பலமுறை சுவைத்தால் புதிய உணவு பழகிவிடும். சிலருக்குப் பத்து முறைக்கு மேலும் தேவைப்படும். ஆகவே, பெற்றோர் மூன்றாம் நாளே கைவிட வேண்டாம்; திணிக்கவும் வேண்டாம். திணித்தால் வெறுப்புதான் வளரும்.

செய்து பாருங்கள்: கீரையைச் சிட்டிகை உப்புடன் வதக்குங்கள். உப்பிலுள்ள சோடியம் கசப்பைக் குறைக்கும். நாளுக்கு ஒரு வாய் வீதம் பத்து நாள் சுவைத்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு வரைபடம் வரையுங்கள். கோடு மேலேறுகிறதா?