சிந்துவெளி முத்திரையும் அளவை நெறியும்

திருப்பெரும்பூதூரில் யாம் நடாத்தும் சிவஞான சித்தியார் வகுப்பிற்கு, ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரியும் இளைஞர் ஒருவர் வருவதுண்டு. அவர் மொகஞ்சதாரோ முத்திரையொன்றின் படத்தைக் காட்டி, "ஐயா, இது நம் சிவபெருமான் திருவுருவந்தானே? சைவத்தின் தொன்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?" என வினவினர். யாமும் மேடைகளிற் பன்முறை அவ்வாறே பேசியுள்ளேமாகலின், அவ்வினா எம்மை நாணச் செய்தது.

கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்த சிந்துவெளி நகர நாகரிகத்தின் கலைத்திறம் இத்தகைய சிறு முத்திரைகளில் விளங்குகின்றது. இம்முத்திரை 1928-29-இல் அகழ்ந்தெடுக்கப்பெற்று, சர் ஜான் மார்ஷல் 1931-இல் வெளியிட்ட நூலால் உலகறிந்தது. இதுபோது புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ மூன்றரைச் செண்டிமீட்டர் சதுர மாக்கல்லில், கொம்புடைய முடியும் கை நிறைந்த வளையும் பூண்டு, குதிகால்கள் பொருந்தப் பீடத்தமர்ந்த உருவம், சூழ யானை, புலி, காண்டாமிருகம், எருமை, பீடத்தின்கீழ் மான்கள், மேலே இன்னும் படித்தறியப்படாத எழுத்து. சுமேரியர் உருளைக்கல்லை உருட்டிப் பதித்தனர்; சிந்துவெளியாரோ சதுரக்கல்லை அழுத்திப் பதித்தனர். ஒற்றுங்கால் நேரே தோன்றுமாறு இடவலம் மாற்றிக் குழித்துச் செதுக்கித் தீயிலிட்டு வன்மை செய்தனர். "எங்கள் டை என்னும் இரும்பச்சும் இவ்வாறே, ஐயா" என்றனர் இளைஞர்.

இனி, இவ்வுருவம் யாரது? காட்சியாற் கொள்ளத்தக்கது, கொம்புடைய ஓருருவம் அமர்ந்துள்ளது என்னுந் துணையே. மார்ஷல், முகம் மூன்றென்றும் இருக்கை யோகமென்றும் கொண்டு, விலங்குகள் சூழ்ந்தமையின் பசுபதி எனக் கருதினர். பின்வந்த டோரிஸ் சீனிவாசன் அம்மையார் அம்முகத்தில் மாட்டின் சாயலையே கண்டனர். இருக்கையும் கொம்பும் பொதுவியல்பு. சிவபிரானுக்கேயுரிய சிறப்பியல்பு ஆண்டுத் துணியப்படவில்லை. பொதுவியல்பு மாத்திரையே கண்டு, சிறப்பியல்பு காணாவழி நிகழ்வது குற்றியோ மகனோ என்னும் ஐயக்காட்சியன்றோ?

அன்றியும், அதர்வ வேதம் பசுபதிக்குரியவாக எண்ணும் பசுக்கள் ஆ, குதிரை, மக்கள், வெள்ளாடு, செம்மறி என ஐந்து. யானையும் புலியும் காண்டாமிருகமும் அவற்றுட் படா, மக்கள் படுவர். நம் சித்தாந்தமோ, பாசத்தாற் கட்டுண்ட ஆன்மாவையே பசு என்னும். ஆகலின் பசுபதி என்னும் பெயரின் பொருள் விலங்குசூழ் வடிவத்தைப் பற்றி நிற்பதன்று.

அற்றேல் இம்முத்திரையை விலக்குதுமோ எனின், அற்றன்று. எழுத்துப் பொருள் விளங்குங்காறும் ஐயத்தை ஐயமெனவே வைத்தல் முறை. அதனைத் துணிபெனக் கூறின், நாளை அது பொய்ப்படுங்கால் சைவமும் உடன் பொய்ப்பட்டதாகப் பிறர் கூற இடந்தருவோம். முப்பொருளுண்மை தன் அளவையால் நிற்பது. கல்லின் தொன்மையால் நிற்பதன்று.

இவற்றைக் கேட்ட இளைஞர், "அளவு ஐயமாயின பொருளை நாங்கள் எறிவதுமில்லை, அனுப்புவதுமில்லை, தனியே ஒதுக்கி வைப்போம், ஐயா" என்றனர். "தம்பி, அதுவே அளவை நெறி" என்றேம். இனி யாம் ஏறும் மேடைகளிலும் அதனையே கடைப்பிடிப்பேம்.