பதினாறு கட்டங்களில் ஒரு பியானோ



மேசையின் மீது விரலால் ஒரே சீராகத் தட்டுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மீண்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இந்த நான்கு அடிகளையும் சேர்த்து ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வோர் அடியையும் நான்கு சம பங்குகளாக மனத்துக்குள் பிரித்து எண்ணுங்கள். ஒரு சுற்றுக்குப் பதினாறு கட்டங்கள் கிடைக்கின்றன அல்லவா? இந்தப் பதினாறு கட்டங்களை வைத்துக்கொண்டு அமெரிக்கப் பியானோ கலைஞர் ஒருவர் 1973ஆம் ஆண்டில் என்ன செய்தார் என்று பார்ப்போம். அதில் கணக்கும் இருக்கிறது. நீங்கள் வகுப்பில் படிக்கும் மின்காந்தவியலும் இருக்கிறது.

கடிகாரத்தைப் பிரித்த சிறுவன்

அவர் பெயர் ஹெர்பி ஹான்காக். 1940இல் சிகாகோ நகரில் பிறந்தவர். பதினோரு வயதிலேயே சிகாகோ சிம்பொனி இசைக்குழுவுடன் மேடையேறி மோட்சார்ட்டின் இசையை வாசித்தார். கடிகாரங்களையும் கருவிகளையும் பிரித்துப் பார்ப்பதிலும் அவருக்கு ஆசை அதிகம். கிரின்னல் கல்லூரியில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பின்பு இசைப் பாடத்துக்கு மாறிக்கொண்டார். 1963இல் மைல்ஸ் டேவிஸ் என்னும் புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞரின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார்.

ஜாஸ் இசையின் உயிர்நாடி, மேடையிலேயே கற்பனையாக இசையைப் படைத்து வாசிப்பது. நம் இசையில் இதை மனோதர்மம் என்கிறோம். ஆனால் மனம் போன போக்கில் வாசிப்பது அன்று அது. பாட்டில் சுரக்கூட்டுகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாறிக்கொண்டே வரும். கலைஞர் அந்த வரிசைக்குப் பொருந்தப் புதிய சுரங்களை நொடிப் பொழுதில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாடும் எஃகுக் கம்பி

1968இல் ஒரு நாள் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஹான்காக்கின் எதிரே வழக்கமான பியானோ இல்லை. மின்பியானோ ஒன்றே இருந்தது. அதை ஒரு விளையாட்டுப் பொருள் என்றுதான் அவர் முதலில் எண்ணினாராம். வாசித்த பின்போ அதன் ஒலி அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அக்காலத்தில் பெயர் பெற்ற ரோட்ஸ் மின்பியானோ எப்படி ஒலிக்கிறது? விசையை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டுகிறது. கம்பி இசைக்கவையைப் போல அதிர்கிறது. அதன் நுனிக்கு அருகே ஒரு காந்தமும் அதைச் சுற்றிக் கம்பிச்சுருளும் உள்ளன. எஃகு நெருங்கி விலகும்போது காந்தப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான் இது! கம்பி நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் மின்னோட்டமும் நொடிக்கு 440 முறை ஊசலாடும். பெருக்கி அதை வலுப்படுத்த, ஒலிபெருக்கி அதை மீண்டும் ஒலியாக்குகிறது.

இதனால் என்ன பயன்? சாதாரணப் பியானோவின் நுட்பமான ஒலி முரசுகளின் முழக்கத்தில் அமுங்கிவிடும். மின்பியானோவின் ஒலியையோ வேண்டிய அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு துணிச்சல்

1970களின் தொடக்கத்தில் ஹான்காக் நடத்திய குழு புதுமையான, சிக்கலான இசையை வாசித்தது. அறிந்தோர் பாராட்டினர். ஆனால் குழுவை நடத்தப் பணம் போதவில்லை. 1973இல் அதைக் கலைக்க வேண்டியதாயிற்று. இனி என்ன செய்வது?

அவருக்கு ஃபங்க் என்னும் இசைமுறை பிடித்திருந்தது. ஜேம்ஸ் பிரவுன் போன்றோர் 1960களில் வளர்த்த நடன இசை அது. பழைய ஜாஸ் நடையில் ஓர் அடியின் முதற்பாதி சற்று நீண்டும் பிற்பாதி குறுகியும் வரும். ஃபங்க் இசையில் அடி பெரும்பாலும் நான்கு சம கட்டங்களாகப் பிரியும். சுற்றின் முதல் அடியில் அழுத்தம் விழும். ஒவ்வொரு கருவியும் மற்றவை விட்ட இடைவெளியில் புகுந்து ஒலிக்கும்.

அவ்வாண்டு புதிய குழுவுடன் 'ஹெட் ஹன்டர்ஸ்' என்ற இசைத்தட்டை அவர் வெளியிட்டார். அதன் முதற்பாட்டு 'கமிலியன்', அதாவது பச்சோந்தி. பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நீளும் அதன் தொடக்கத்தில், சிந்தசைசரில் ஹான்காக் வாசித்த தாழ்ந்த சுரத்தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. முதற்பகுதியில் சுரக்கூட்டுகள் இரண்டே இரண்டு. சுற்றுக்கு ஒன்றாக மாறி மாறி வரும். கிளாவினெட் என்ற மின்விசைக் கருவியையும் அவர் வாசித்தார். அதில் விசையை விட்டதும் கம்பி உடனே அடங்கிவிடும். ஆகவே நறுக்கு நறுக்கென்று கட்டத்துக்குள் ஒலியை நிறுத்தலாம்.

ஜாஸ் அன்பர் சிலர் முகம் சுளித்தனர். இரண்டு சுரக்கூட்டுகளில் மனோதர்மத்துக்கு எங்கே இடம் என்பது அவர்கள் கேள்வி. நாமே கணக்கிட்டுப் பார்ப்போமே!

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வாய்ப்புகள்தாம்: ஒலி அல்லது மௌனம். பதினாறு கட்டங்களுக்கு 2ஐப் பதினாறு முறை பெருக்க வேண்டும். விடை 65,536. எந்தச் சுரம் என்பதைத் தொடாமலே, எப்போது என்ற ஒன்றிலேயே இத்தனை வழிகள்! நிமிடத்துக்கு 96 அடிகள் என்று கொண்டால் ஒரு கட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 0.16 நொடி. அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். சுரக்கூட்டுகள் குறைந்ததால் கற்பனை குறையவில்லை. அது காலத்தின் பக்கம் திரும்பியது. அந்தச் சீரான கட்டங்களின் மேல்தான் ஹான்காக் முதலில் சிந்தசைசரிலும், பின்னர் ரோட்ஸ் பியானோவிலும் நீண்ட கற்பனை இசையை வாசித்தார். இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

செய்து பாருங்கள்

உங்கள் நண்பர் ஒருவரை நான்கு அடிகளைச் சீராகத் தட்டச் சொல்லுங்கள். நீங்கள் 1, 4, 7, 11, 15 ஆகிய கட்டங்களில் மட்டும் கைதட்டுங்கள். நண்பர் தட்டுவது 1, 5, 9, 13ஆம் கட்டங்களில். முதற்கட்டத்தில் மட்டுமே இருவரும் சேர்வீர்கள். மற்றவை இடைவெளியில் விழும். முதலில் தடுமாறுவீர்கள். நண்பர் வேகத்தை மாற்றாமல் இருந்தால் சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும். அவர் வேகம் தவறினால் உங்கள் தாளம் என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். பிறகு 65,536இல் உங்களுக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.