எண்ணிக்கையைப் பகிரும் தீவுகள்

பசுபிக்கில் நியுவே என்றொரு தீவு. 2017ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 2,000 பேருக்கும் குறைவு. நியூசிலாந்திலோ நியுவே வழிவந்தோர் 20,000 பேருக்கும் மேல். புறப்பட்டுப் போன இளைஞர் எத்தனை பேர் என்பதைத் தீவின் கணக்கு முழுமையாகக் காட்டாது. போய்ச் சேர்ந்த நாட்டின் கணக்கும் கைக்கு வந்தால்தான், எத்தனை ஆசிரியர், முதியோருக்கு எத்தனை தாதியர் வேண்டுமெனத் திட்டமிடலாம்.

1947இல் தொடங்கிய பசுபிக் சமூக அமைப்பு, நியூ கலிடோனியாவின் நூமியாவிலிருந்து இத்தகைய பகிர்வுக்குக் கைகொடுக்கிறது. தீவுகள் ஒத்த வினாக்களைக் கேட்க வேண்டும். கேள்வி வேறானால் விடைகளை ஒப்பிடுவது எப்படி?

இன்னொரு சிக்கல், இரகசியம். ஊரில் ஒரேயொரு தாதிதான் என்றால், "தாதியின் வயது" என்று அச்சிடுவது அவர் பெயரைச் சொல்வதற்குச் சமம். அதனால் அத்தகைய சிறு எண்களைச் சேர்த்து, தொகையாகவே வெளியிடுவர்.