ஐப்பசி மழைக்கு முன் செப்டிக் டேங்கைத் திறந்து பாருங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஓடு மாற்ற, விறகு சேர்க்க எல்லோருக்கும் நினைவு வரும். செப்டிக் டேங்க் மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது. அடைமழையில் மண் ஊறி நிலத்தடி நீர் மேலேறினால், டேங்கிலிருந்து வெளியேறும் நீருக்குப் போக்கிடம் இருக்காது. கழிப்பறைக் கோப்பை வழியாகத் திரும்பி வரும்.

இந்த வாரமே மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். தீக்குச்சி, பீடி பக்கத்தில் வேண்டாம். நீளமான மூங்கில் கழியின் அடிப்பகுதியில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டி, அடி தட்டும்வரை இறக்கி, சில நிமிடம் அசையாமல் பிடித்து எடுங்கள். துணியில் கறுப்பு ஏறிய உயரம்தான் கசடு. அது நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால் கசடு உறிஞ்சும் வண்டியைக் கூப்பிட்டுவிட வேண்டியதுதான். முறையாகக் கட்டிய டேங்குக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இது தேவைப்படும்.

“எங்க டேங்க் பத்து வருஷமா நிறையவே இல்லை” என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அநேகமாக அது டேங்கே இல்லை. உறை இறக்கி, அடியில் தளம் போடாத குழி. உள்ளே போவதெல்லாம் நிலத்தடி நீரில் கலக்கிறது. டேங்க் நீர் இறங்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. உங்கள் வீட்டில் எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.

கசடு எடுப்பதை மழைக்கு முன்பே முடியுங்கள். நிலம் நீரில் ஊறியிருக்கும்போது டேங்கைக் காலி செய்தால் வெளி அழுத்தத்தில் சுவர் விரிசல் விடும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் மிதந்தே எழும்பும். எடுக்கும்போதும் அடியில் கொஞ்சம் கசடு இருக்கட்டும், மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. பினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும் வாளிக்கணக்கில் ஊற்றினால் அவை சாகும். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயுவில் முதலில் ஒருவர் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. எடுத்த கசட்டை வண்டிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள். ஏரி வாய்க்காலில் கொட்டினால் முதல் மழைக்கே அது ஊருக்குள் வந்துவிடும்.

சமையலறை, குளியலறைத் தண்ணீரை டேங்கில் விடவே கூடாது. ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டிலிருந்து தினம் 200 லிட்டர் அளவுக்காவது வெளியே வரும். செம்மண், மணல் பாங்கான ஊரில் அதற்கு ஒரு மீட்டர் ஆழ, அகலக் குழியில் செங்கல் ஜல்லி நிரப்பினால் போதும். சோற்றுப் பருக்கையும் சோப்பு அழுக்கும் தங்க, குழிக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி வையுங்கள். முன்பே குழி இருந்தால் அந்தத் தொட்டியை இப்போது வழித்துவிடுங்கள். டெல்டாவின் களிமண்ணில் உறிஞ்சு குழி மழைக்காலத்தில் வேலை செய்யாது. அங்கே கல்வாழை, வாழைப் பாத்திக்குத் திருப்புவதே மேல்.

செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள். வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீரும் உள்ள கிணற்றுக்குச் சுமார் 70 கிராம் ஆகும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து இறையுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பேசுங்கள். தனித்தனியே வண்டி கூப்பிடுவதைவிட, தெருவாரியாகப் பட்டியல் போட்டு, உரிமம் உள்ள வண்டியை ஊராட்சி மூலம் ஒரே வாரத்தில் வரவழைத்து, அருகிலுள்ள கசடு சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.