திறப்பு எங்கே? – பாஸ்டன் நகரம் தரும் பாடம்



எருசலேமுக்கு வந்து சேர்ந்த நெகேமியா உடனே கல்லையும் சாந்தையும் கையில் எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, இரவிலே சிலரோடு எழுந்துபோய், அலங்கம் எங்கெங்கே இடிந்து கிடக்கிறது என்று சுற்றிப் பார்த்தார் (நெகேமியா 2). அதன் பிறகே ஜனங்களை வேலைக்கு அழைத்தார். துப்பாக்கிச் சாவுகளால் தவித்த ஒரு நகரம் இதே ஒழுங்கில் நடந்ததை இம்மாதம் சிந்திப்போம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990-இல் 152 பேர் கொலையுண்டார்கள். அநேகர் வாலிபர். 1992 மே மாதத்தில், சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் அடக்க ஆராதனை மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் ஆலயத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒரு கும்பல் உள்ளே புகுந்து, துக்கத்துக்கு வந்திருந்த ஒரு வாலிபனைக் கத்தியால் குத்தியது. ஆலயத்துக்குள்ளேயே இரத்தம் சிந்தப்பட்டதைக் கண்ட கறுப்பினப் போதகர்கள் சிலர் ‘டென் பாயின்ட் கோஅலிஷன்’ என்ற கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். அவர்களில் ரே ஹாமண்ட் என்பவர் மருத்துவரும் போதகருமானவர். இரவு நேரங்களில் அவர்கள் தெருத்தெருவாக நடந்து, பையன்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

1. இடிந்த இடத்தைப் பார்த்தல்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கென்னடியும் அவருடைய துணை ஆய்வாளர்களும், போலீசார், நன்னடத்தை அலுவலர்கள், தெருப் பணியாளர்கள் ஆகியோருடன் வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்தார்கள். 1990 முதல் 1994 வரை துப்பாக்கியாலோ கத்தியாலோ மாண்ட, 21 வயதுக்கு மேற்படாத 155 பேரின் சாவையும் ஒவ்வொன்றாக விசாரித்தார்கள்.

வாலிபர் எல்லாருமே கெட்டுப்போனார்கள் என்று ஊர் நினைத்தது. கணக்கோ வேறு சொன்னது. சுமார் 60 கும்பல்கள். அவற்றில் ஏறக்குறைய 1,300 பேர். நகரத்து வாலிபரில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்தக் கொலைகளில் நூற்றுக்கு 60-க்குக் குறையாதவை இந்தக் கும்பல்களைச் சேர்ந்தவை. மாண்டவர்களிலும் நூற்றுக்கு 75 பேர் முன்பே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள். காப்பாற்ற வேண்டியவர்கள் யார் என்று அப்போதுதான் புரிந்தது.

2. சேர்ந்து கட்டுதல்

நெகேமியா 3-ஆம் அதிகாரத்தில் பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள். பாஸ்டனிலும் அப்படியே. 1996 மே மாதத்தில் கும்பல் உறுப்பினர்களை நேரே அழைத்துப் பேசும் கூட்டங்கள் தொடங்கின. “கொலை நிற்க வேண்டும். உங்களில் ஒருவன் சுட்டால் சட்டத்தின் கவனம் முழுக் கும்பலின்மேலும் திரும்பும்” என்பது போலீசாரும் அரசு வழக்கறிஞரும் சொன்ன செய்தி. போதகர்களும் தெருப் பணியாளர்களும் படிப்புக்கும் வேலைக்கும் வழி காட்டினார்கள். எச்சரிப்பும் அரவணைப்பும் ஒன்றாய் வந்தன.

1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரி 44 ஆக இருந்த இளையோர் கொலைகள் 1997-இல் 15 ஆகக் குறைந்தன. அக்காலத்தில் வேறு நகரங்களிலும் கொலைகள் குறைந்தது உண்மையே. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்களும் பாஸ்டனின் வீழ்ச்சி தனித்து நின்றதாகக் கண்டார்கள்.

3. காவலை விடாதிருத்தல்

2000-இல் இந்த முயற்சி கைவிடப்பட்டது. பிற்பாடு வந்த ஆண்டுகளில் துப்பாக்கிச் சத்தம் திரும்பியது. 2007-இல் மறுபடி தொடங்கியபின் கும்பல்களின் துப்பாக்கிச் சூடு குறைந்தது. 2024-இல் அந்நகரில் நடந்த கொலைகள் 24. அலங்கம் கட்டினால் போதாது. காவலும் நிற்க வேண்டும்.

மருத்துவமனையின் பங்கு

போலீஸ் கணக்கில் எல்லாக் காயமும் வருவதில்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், முகக் காயங்களுக்கு அறுவை செய்துவந்த டாக்டர் ஜானதன் ஷெப்பர்டு இதைக் கண்டறிந்தார். அடிபட்டு வந்தவர்களில் பலரைப் பற்றிப் போலீசாருக்குத் தெரியவே இல்லை. எனவே, சம்பவம் எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் என்று மருத்துவமனை வரவேற்பு மேசையில் கேட்டு எழுதினார்கள். பெயரை நீக்கி, அந்த விவரத்தைப் போலீசாரோடும் நகர மன்றத்தோடும் பகிர்ந்துகொண்டார்கள். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ஆள் நிறுத்த வேண்டும் என்பது அதனால் தெரிந்தது. அங்கே கத்தியும் உடைந்த கண்ணாடியுமே ஆயுதங்கள். ஆனால் இம்முறையைத் துப்பாக்கிகள் மலிந்த அமெரிக்க நகரங்களும் எடுத்துக்கொண்டன.

இதை வாசித்தபோது என் மனம் என்னைக் குத்தியது. பல ஆண்டுகளாக அடிபட்டவர்களின் படுக்கையண்டை நின்று ஜெபித்திருக்கிறேன். காயம் ஆறவேண்டும் என்று கேட்டேன். இது எங்கே நடந்தது, அடுத்தவன் யார் என்று கேட்டதில்லை. நல்ல சமாரியன் கதையை எத்தனையோ முறை பிரசங்கித்தேன். அந்த எரிகோ வழியைப் பற்றி யோசித்ததில்லை.

அன்பர்களே, உங்கள் காணிக்கை மருந்துக்கும் கட்டுக்கும் உதவுகிறது. ஒரு குறிப்பேடும், அதை உண்மையாய் எழுதும் ஒரு எழுத்தரும்கூட உயிர் காக்கும் ஊழியமே என்பதை மறவாதிருப்போம்.

சிந்திக்க:
1. நம் ஊரில் அடிக்கடி இரத்தம் சிந்தும் இடம் எது? அதை யார் எண்ணுகிறார்கள்?
2. நம் சபை யாரோடு சேர்ந்து அந்தத் திறப்பில் நிற்கலாம்?

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்